முழு விவரம் எழுதவும்

மனித குலம் தன் செல்வத்தைக் காப்பாற்றக் குகை தேடியது, கோட்டை கட்டியது, இரும்புப் பெட்டி செய்தது, வங்கி திறந்தது. இவை எல்லாவற்றையும் தாண்டிய கடைசிப் பாதுகாப்பு, பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருக்கிறது. இனி வரப்போகும் எந்த இயந்திரத்தாலும், இன்னும் பிறக்காத எந்த மூளையாலும் இந்தப் பெட்டக அறையின் கதவைத் திறக்க முடியாது என்று வரவேற்பறைச் சுவரில் பித்தளை எழுத்துகளில் பொறித்திருந்தார்கள். கதவைச் சாத்தவும் முடியாது. ஏ.சி. தண்ணீர் சொட்டி மரம் உப்பிவிட்டதால் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை அண்டக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கேன் நகராமல் பார்த்துக்கொள்வது மைக்கேல்ராஜின் வேலைகளில் ஒன்று.

கம்பெனியின் பெயர் வஜ்ரகவச் டிஜிட்டல் கஸ்டடி. ஊரார் வாங்கிய கிரிப்டோ காயின்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது அதன் தொழில். மைக்கேல்ராஜ் வாசல் காவலராகச் சேர்ந்த புதிதில், அந்தக் காயின்கள் எந்த அறையில் இருக்கின்றன என்று ஒரு மாதம் தேடினார். எந்த அறையிலும் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இல்லாத பொருள் காணாமல் போனால் யாரைப் பிடிப்பார்கள்? வாசலில் நின்றவனைத்தானே.

அந்தப் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்து ஐம்பத்திரண்டு வயதான மைக்கேல்ராஜுக்குப் பண்டிகை போனஸை ரூபாயாகக் கொடுக்காமல் காயினாகக் கொடுத்திருந்தார்கள். நாலு வருஷத்து போனஸ். அதே பெட்டகத்தில்தான் கிடந்தது. ஒரு நிபந்தனை: இதே வாசலில் ஐந்து வருஷம் முடித்தால்தான் கைக்கு வரும், நடுவில் மாற்றப்பட்டால் கம்பெனிக்கே திரும்பிவிடும். வரும் ஜூனில் ஐந்து வருஷம் முடிகிறது. அதே ஜூனில் மகள் ஷில்பாவை நர்சிங் காலேஜில் சேர்க்க வேண்டும். சீட் கிடைத்துவிட்டது. கட்ட வேண்டிய பணம் மட்டும் எங்கேயும் இல்லாத அறையில் இருந்தது.

ஆகவே ஜூன் வரைக்கும் அந்த வாசலில் ஒட்டிக்கொண்டிருப்பது ஒன்றே அவருடைய லட்சியம். அதற்குக் குறுக்கே நின்றது ஒரு நீளமான சிவப்பு அட்டை நோட்டு. மெட்டீரியல் ரிஜிஸ்டர். உள்ளே போகிற, வெளியே வருகிற எந்தப் பொருளையும் அதில் எழுத வேண்டும். ஒருமுறை மைக்கேல்ராஜ் 'பை – 1' என்று எழுதியிருந்தார். ஆடிட் வந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "பைக்குள்ள என்ன?" என்று கேட்டார். முதல் மெமோ. அடுத்த ஆடிட்டில் 'டப்பா – 1'. இரண்டாவது மெமோ.

"இன்னொண்ணு வந்துச்சுன்னா மைக்கேலு, நான் ஒண்ணும் பண்ண முடியாது. மூட்டையைக் கட்டினு ஹெப்பகோடிக்கு வந்துரு, ஃபேக்டரி கேட்டுல நிக்கலாம்," என்றார் காவலர் ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசர் வெங்கடசாமி. ஏஜென்சிக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஷிஃப்ட் முடிகிறபோது அன்றைய பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். எல்லா வாசல் காவலர்களும், கம்பெனிகளின் தரப்பில் அவர்களை மேய்க்கிற அதிகாரிகளும் அந்தக் குரூப்பில் இருந்தார்கள். "உன் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி கீது, பார்க்கவே ஜோரா இருக்கும்," என்று வெங்கடசாமியே பாராட்டியிருக்கிறார். கன்டோன்மென்ட் கான்வென்ட்டில் பிரம்பால் அடித்து வரவழைத்த கையெழுத்து அது.

இரண்டாவது மெமோவுக்கு மறுநாள், வஜ்ரகவச்சின் விதிமுறைத் தலைவர் சுஹாஸ் தானே இறங்கி வந்தார். சுஹாஸுக்கு முப்பத்தைந்து வயது. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் குமாஸ்தா, அப்பா விதான சௌதாவில் அண்டர் செக்ரட்டரி. பேரனின் ரத்தத்தில் ஃபைல் நாடா ஓடியது. ரிஜிஸ்டர் அட்டையில் ஒரு காகிதத்தை ஒட்டினார். 'முழு விவரம் எழுதவும். விதி 14(இ). விலக்கு யாருக்கும் கிடையாது. பக்கத்தைக் கிழித்தால் டிஸ்மிஸ்.'

"உறைக்குள்ள பெட்டி, பெட்டிக்குள்ள டப்பான்னு இருந்தா, கடைசி வரைக்கும் போகணும் மைக்கேல்ராஜ். உள்ளே என்ன இருக்குன்னு எழுதற வரைக்கும் அது விவரம் இல்ல."

அன்றிலிருந்து மைக்கேல்ராஜ் கடைசி வரைக்கும் போனார். 'டிபன் டப்பா 1, எவர்சில்வர், இரண்டு அடுக்கு. மேலே புளியோகரே. கீழே தயிர் சாதம். ஓரத்தில் மாங்காய் ஊறுகாய், துண்டு மூன்று.' கார்போஹைட்ரேட்டைத் தொட்டு ஆறு மாதம் ஆயிற்று என்று எல்லோரிடமும் சொல்லிவந்த மனிதவளத் தலைவி அம்ருதாவின் பையில் மைசூர்பாகு எட்டு இருந்தது வரலாற்றில் பதிவானது. அடுத்த ஆடிட்டில் குறிப்பு ஒன்றும் இல்லை.

இந்த நிலையில்தான் குவாண்டம் வந்தது. அதாவது, வரப்போகிறது என்ற செய்தி வந்தது.

தலைமை நிர்வாகி ப்ரஹ்லாத் சிங்கப்பூரில் ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியதும் 'குவாண்டம் விழிப்புணர்வு வாரம்' அறிவிக்கப்பட்டது. காவலர், துப்புரவு ஊழியர், தண்ணீர் கேன் போடுகிறவர் உட்பட அனைவரும் அரங்கில் உட்கார வேண்டும். அந்த விஷயத்தை உண்மையிலேயே படித்தவர் கம்பெனியில் ஒருவர்தான். டாக்டர் பாலசுப்ரமணியன். அவரைத்தான் மேடையில் பேசவிட்டார்கள். பாதியில் நிறுத்தவும் செய்தார்கள்.

"ஒவ்வொரு காயினுக்கும் வெளியே எல்லாருக்கும் தெரியற பூட்டு ஒண்ணு இருக்கு, நாம மறைச்சு வச்சிருக்கற சாவி ஒண்ணு இருக்கு," என்றார் பாலசுப்ரமணியன். "பூட்டைப் பார்த்து சாவியைச் செய்ய இன்னிக்கு இருக்கற எந்த கம்ப்யூட்டராலும் முடியாது. பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா அதால முடியலாம். அதுக்குள்ள நாம காயினை எல்லாம் வேற மாதிரி பூட்டுக்கு மாத்திடணும். அவ்வளவுதான் சங்கதி."

மைக்கேல்ராஜ் பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். "அது எப்போ சார் வரும்?"

"பத்து வருஷம் ஆகலாம். இருபது ஆகலாம். யாருக்கும் தெரியாது."

சுஹாஸ் மைக்கை வாங்கிக்கொண்டார். "சார், விழிப்புணர்வு வாரத்துல 'யாருக்கும் தெரியாது'ன்னு சொல்லக் கூடாது. 'எந்த நிமிஷமும் வரலாம்'னு சொல்லணும். ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதானே?"

திரையில் அந்த இயந்திரத்தின் படம் வந்தது. மேலிருந்து தொங்கியது. அடுக்கடுக்கான பொன்னிறத் தட்டுகள், சுருள் சுருளாகக் குழாய்கள், கீழே போகப் போகக் குறுகிக் கூர்மையாக ஒரு முனை. அரங்கில் யாரோ "உஸ்" என்றார்கள். மைக்கேல்ராஜ் அதுபோன்ற ஒன்றை ஏற்கெனவே பார்த்திருந்தார். அல்சூரில் கல்யாண மண்டபத்தின் நடுவில், அதே பொன்னிறத்தில், அதே மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் நடந்த மச்சான் மகள் கல்யாணத்தில், விருந்து மேஜையில் உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்ததும் நாற்காலியோடு இரண்டு அடி நகர்ந்தார்.

"இன்னாய்யா, சோத்தைத் துன்னாம மேலயே பாத்துக்கினு இருக்க?" என்றாள் மனைவி பவுலின்.

"அந்த மிஷினு இப்டித்தான் கீது பவுலின்."

"அது லைட்டுய்யா."

"அதுவும் முதல்ல லைட்டு மாதிரிதான் இருக்குமாம்."

"வந்து இன்னா பண்ணும்?"

"நம்ம ஷில்பா ஃபீஸை எடுத்துக்கும்."

பவுலினும் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை மைக்கேல்ராஜ் சுஹாஸின் அறைக்கு வெளியே நின்றார். ஜூன் வரைக்கும் காத்திருக்காமல் காயினை இப்போதே கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். சுஹாஸ் கோபிக்கவில்லை. அவர் விண்ணப்பங்களிடம் எப்போதும் அன்பாக இருப்பவர்.

"தாராளமா கேக்கலாம். முன்கூட்டி விடுவிக்க ஃபாரம் இருக்கு. காரணம் என்ன போடலாம்?"

"பயம் சார்."

சுஹாஸ் கணினியில் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். "திருமணம் இருக்கு. மருத்துவம் இருக்கு. மரணம் இருக்கு. பயம் இல்லையே. 'இதர'ல போட்டா அத்தாட்சி வைக்கணும்."

"பயத்துக்கு அத்தாட்சியா சார்?"

"ஒரு கெஜடட் ஆபீசர் கையெழுத்து போதும். ஆனா இப்போ எதுவும் நடக்காது மைக்கேல்ராஜ். சாவி மாத்தற வரைக்கும் எல்லா காயினையும் உறைய வச்சாச்சு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. உங்களைவிட அதிகமா காயின் வச்சிருக்கறவங்களே பயப்படாம இருக்காங்க."

"அவங்களுக்கு சொல்லலியா சார்?"

"சொல்லியிருக்கோம். பயப்படறதுக்குத் தனிக் கட்டணம் போட்டிருக்கோம். கட்டினவங்க நிம்மதியாயிட்டாங்க."

விழிப்புணர்வு வாரத்தின் கடைசி நாள் ஒத்திகை. சரியாகப் பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. ஒலிபெருக்கியில் அம்ருதாவின் குரல்: "குவாண்டம் தாக்குதல் ஆரம்பமாகிவிட்டது. லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள். படிக்கட்டு வழியாகக் கார் நிறுத்துமிடத்துக்கு வரவும்." நானூறு பேர் ஆறு மாடி இறங்கினார்கள். மைக்கேல்ராஜும் கேனைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினார். தாக்குதல் காயினுக்கு என்றால் மனிதர்கள் ஏன் ஓட வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்டும் பார்த்தார்.

"ஃபயர் டிரில்லுக்கு வச்சிருந்த ஃபார்மட்தான்," என்றார் சுஹாஸ். "நெருப்புங்கற இடத்துல எல்லாம் குவாண்டம்னு மாத்திட்டோம்."

நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றார்கள். அந்த நாற்பது நிமிஷமும் ஆறாவது மாடியில் பெட்டக அறை, கேன் அண்டக் கொடுத்த கதவோடு, ஆளில்லாமல் திறந்து கிடந்தது. ஒத்திகை முழு வெற்றி என்று அறிக்கை வந்தது. மைக்கேல்ராஜ் மட்டும் அதை நம்பவில்லை. அன்றிலிருந்து லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். அல்சூரில் மெட்ரோ ஏறி வைட்ஃபீல்டில் இறங்கும்வரை, பெட்டியின் கூரையில் தொங்குகிற கைப்பிடிகளைக் கண்காணித்துக்கொண்டே வந்தார்.

சாவி மாற்றும் சடங்குக்குப் புதன்கிழமை நாள் குறித்தார்கள்.

சடங்கு என்பது நம் வார்த்தை அல்ல. ஆவணத்திலேயே 'செரிமனி' என்றுதான் இருந்தது. உலகம் முழுக்க அப்படித்தான் சொல்வார்களாம். வஜ்ரகவச் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது. ப்ரஹ்லாதின் குடும்பப் புரோகிதர் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் புதுச் சாவிகள் கட்டடத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்தபோது கொஞ்சம் யுஎஸ்பி துளைக்குள் போய்விட்டது. இன்னொரு லேப்டாப் கொண்டுவந்து, குங்குமத்தை மூடியில் மட்டும் வைத்தார்கள்.

ஏற்பாடு இதுதான். புதுச் சாவி என்பது இருபத்துநாலு ஆங்கில வார்த்தைகள். அந்த இருபத்துநாலும் வரிசையாகத் தெரிந்தவன் பெட்டகத்தை மொத்தமாகத் திறந்து காயின்களை அள்ளிக்கொண்டு போகலாம். ஆகவே ஆறு சாவிக்காப்பாளர்கள். ஆளுக்கு நாலு வார்த்தை. ஒருவருடையது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. ப்ரஹ்லாத், சுஹாஸ், அம்ருதா, பாலசுப்ரமணியன், பணம் போட்டவர்கள் தரப்பில் கோட்டுப் போட்ட இருவர். வார்த்தைகளைத் தாறுமாறாகத் தேர்ந்தெடுக்க வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவி கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டதால், பாலசுப்ரமணியன் கீழே கடையில் ஒரு லூடோ பெட்டி வாங்கிவரச் செய்து தாயக்கட்டை உருட்டினார். அன்றைய ஏற்பாடுகளிலேயே அறிவியல்படி குறை சொல்ல முடியாத காரியம் அது ஒன்றுதான்.

சடங்குக்கு ஒதுக்கிய கூட்ட அறையின் சுவர்களில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தார்கள். கைபேசி, கடிகாரம், பெல்ட், அம்ருதாவின் வளையல் எல்லாம் மைக்கேல்ராஜின் தட்டில். எல்லாவற்றையும் முழு விவரத்தோடு எழுதினார். உள்ளே மூன்று மணி நேரம் லூடோ சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அது வந்துவிட்டதோ என்று மைக்கேல்ராஜின் கை ஊதலுக்குப் போனது.

பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. ஆறு பேரும் ஒருவர் கையில் ஒன்றாக, கிழித்தால் கண்டுபிடித்துவிடக்கூடிய நீல உறைகளோடு வந்தார்கள். ஒரு கஜ இடைவெளி விட்டு, ஒருவர் உறையை ஒருவர் பார்க்காமல், சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். கீழே ஆறு கார்கள் ஆறு திசையில் ஆறு வங்கி லாக்கர்களுக்குப் புறப்படத் தயாராக நின்றன.

முதலில் ப்ரஹ்லாத்.

"கவர் ஒண்ணு. எழுதிக்குங்க," என்றார்.

மைக்கேல்ராஜின் பேனா காகிதத்தைத் தொட்டு நின்றது. பை ஒன்று முதல் மெமோ. டப்பா ஒன்று இரண்டாவது மெமோ. "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. கவர் ஒண்ணுன்னு மட்டும் எழுதினா எனக்கு மூணாவது மெமோ சார். உள்ளே இன்னா இருக்குன்னு எழுதணும்."

ப்ரஹ்லாத் திரும்பி சுஹாஸைப் பார்த்தார். சுஹாஸின் முகத்தில் ஒரு தகப்பனின் பெருமிதம் படர்ந்தது.

"கரெக்ட் சார். பதினாலு இ. விலக்கு யாருக்கும் கிடையாது, உங்களையும் சேர்த்துத்தான். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"சுஹாஸ்," என்றார் பாலசுப்ரமணியன் சுவரைப் பார்த்தபடியே, "உறைக்குள்ள இருக்கறதுதான் ரகசியம். அதை வாசல் ரிஜிஸ்டர்ல எழுதினா, இத்தனை நேரம் நாம உள்ள என்ன பண்ணினோம்?"

"ரிஜிஸ்டரும் கம்பெனி ஆவணம்தான் சார். அட்டையிலேயே 'உள் உபயோகத்துக்கு மட்டும்'னு போட்டிருக்கு."

"விலக்கு வாங்க முடியாதா?"

"வாங்கலாம். நாலு பேர் கமிட்டி கூடணும். வெள்ளிக்கிழமை கூடும்."

கோட்டுப் போட்டவர்களில் ஒருவர் இல்லாத கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "ராகு காலம் வந்துடும்ப்பா."

"மைக்கேல்ராஜ் ரகசியக் காப்பு ஒப்பந்தத்துல சைன் பண்ணியிருக்கார்ல?" என்று கேட்டார் ப்ரஹ்லாத்.

"எல்லாரும் பண்ணியிருக்காங்க சார். தண்ணி கேன் போடறவர்கூட."

அதோடு விவாதம் முடிந்தது. பாலசுப்ரமணியன் நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டார்.

ப்ரஹ்லாத் உறையைக் கிழித்தார். மற்ற ஐவரும் விதிப்படி காதுகளைப் பொத்திக்கொண்டார்கள். மைக்கேல்ராஜ் பொத்திக்கொள்ளவில்லை, அவர் எழுத வேண்டும்.

"பம்ப்கின்," என்றார் ப்ரஹ்லாத் மெல்லிய குரலில். "லிஸார்ட். கிச்சன். ரிதம்."

"ரிதம் எப்படி சார் எழுதறது?"

ப்ரஹ்லாத் யோசித்தார். அமெரிக்காவில் படித்தவர். "ஆர்… ஐ…"

"அண்ணா, அதுல ரெண்டு ஹெச் பருத்தே," என்றது கன்னடம் கலந்த ஒரு குரல். பாலசுப்ரமணியனின் மதிய உணவாகப் பிரியாணி கொண்டுவந்திருந்த நடுவயது டெலிவரிக்காரர், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றிருந்தார். "ஆர், ஹெச், ஒய், டி, ஹெச், எம்."

"தேங்க்ஸ்," என்றார் தலைமை நிர்வாகி.

அப்புறம் அம்ருதா. அப்புறம் கோட்டு ஒன்று, கோட்டு இரண்டு. மைக்கேல்ராஜ் பயந்துபோயிருந்ததால் ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிப் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். சுஹாஸ் தன் முறை வந்தபோது, இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று வார்த்தைகளுக்கு வரிசை எண் போடச் சொன்னார். "நாளைக்கு ஆடிட்டர் எது முதல், எது ரெண்டாவதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" மைக்கேல்ராஜ் முதல் வார்த்தைக்குத் திரும்பிப் போய் ஒன்றிலிருந்து எண் போட்டுக்கொண்டே வந்தார். பாலசுப்ரமணியன் கடைசியாக வந்தார். சொல்லவில்லை. உறையை நீட்டினார், மைக்கேல்ராஜே பார்த்து எழுதிக்கொண்டார்.

கிழித்த உறைகளை மைக்கேல்ராஜின் ஸ்டேப்ளரால் மூடினார்கள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு ஆறு கார்களும் புறப்பட்டன. ராகு காலத்துக்கு இரண்டு நிமிஷம் மீதி இருந்தது. பக்கம் அறுபத்தொன்று, வரிசை ஏழு முதல் பன்னிரண்டு வரை. பதின்மூன்றாவது வரிசையில் டெலிவரிக்காரர் கையெழுத்துப் போட்டார்: சிக்கன் பிரியாணி ஒன்று, ரைத்தா, அவித்த முட்டை ஒன்று.

மாலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. மெமோ வரவில்லை. மைக்கேல்ராஜ் அன்று நன்றாகத் தூங்கினார்.

இரண்டு வாரம் கழித்துப் பாராட்டு விழா. வஜ்ரகவச்சுக்கு 'குவாண்டம் ஆயத்தம், பிளாட்டினம் நிலை' என்று ஒரு மன்றம் சான்றிதழ் கொடுத்தது. அந்த மன்றத்தை ஆரம்பித்ததில் வஜ்ரகவச்சுக்கும் பங்கு உண்டு. கீழ்த்தள அரங்கின் வாசலில் மைக்கேல்ராஜ் பூங்கொத்துகளை எண்ணி, எந்தப் பூ எத்தனை என்று எழுதிக்கொண்டிருந்தார். ப்ரஹ்லாத் மேடையேறினார்.

"நண்பர்களே, நம்ம தொழில் காயின் இல்ல. நம்ம தொழில் நம்பிக்கை. பயந்தவங்கதான் நம்புவாங்க. அதனால முதல்ல பயத்தைக் கொடுத்தோம். உண்மையைச் சொல்லணும்னா, போன காலாண்டுல நம்பிக்கையைவிட பயம்தான் நல்லா போச்சு." கைதட்டல். "வரப்போற அந்த மெஷின் ஆயிரம் கோடி வருஷம் உக்காந்து கணக்குப் போட்டாலும் நம்ம இருபத்துநாலு வார்த்தையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு பேருக்கு நாலு நாலு தெரியும். இருபத்துநாலும் தெரிஞ்ச மனுஷன் இந்த பூமியில இல்ல!"

அரங்கம் எழுந்து நின்றது. மைக்கேல்ராஜின் கையிலிருந்த பேனா விழுந்தது.

பம்ப்கின். லிஸார்ட். கிச்சன். ரிதம். அதற்கப்புறம் அம்ருதாவின் நாலு. அதற்கப்புறம் கோட்டு ஒன்றின் நாலு. சின்ன வயதில் ஞானோபதேசக் கேள்வி பதில்களை மனப்பாடமாக ஒப்பித்த தலை அது. ஒருமுறை கையால் எழுதினால் போகாது. மறக்கப் பார்த்தார். மறக்கப் பார்த்த ஒவ்வொன்றும் எண்ணோடு வந்து நின்றது. இத்தனை நாளும் லிஃப்ட் மணிக்கும் மண்டப விளக்குக்கும் பயந்தது வீண். அவர்கள் சொன்ன அந்தப் பொருள் ஆறாவது மாடி வாசலில், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, நாலு வருஷமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தது. ஷில்பாவின் காலேஜ், அந்த நாலு வருஷம், ஊரார் காயின் எல்லாம் அதன் நாக்கு நுனியில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேடைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். 'குவாண்டம் காவலர்' என்று எழுதிய பட்டையைத் தோளில் மாட்டினார்கள். ஆடிட்டர் மைக்கைப் பிடித்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரிஜிஸ்டரை நான் பார்த்ததில்லை. ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. எல்லாமே இருக்கு!"

மைக்கேல்ராஜ் கும்பிட்டார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கூட்டம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

விழா முடிந்ததும் லிஃப்ட் பக்கம் சுஹாஸைப் பிடித்தார். "சார், ஒரு நிமிஷம். இருபத்துநாலும் தெரிஞ்சவன் பூமியில இல்லேன்னு பெரிய சார் சொன்னாரே."

"ஆமா?"

"எனக்குத் தெரியும் சார்."

சுஹாஸ் சிரித்தார். பிறகு சிரிப்பு மட்டும் முகத்தில் தங்க, கண் மெல்ல மெல்லப் பின்னால் போயிற்று. மைக்கேல்ராஜின் கக்கத்திலிருந்த சிவப்பு அட்டை ரிஜிஸ்டரைப் பார்த்தார். "சத்தமா பேசாதீங்க. யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பவுலின்கிட்டகூட சொல்லல சார்."

"நல்லது. அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுவோம்."

"நம்பர் போட்ட பக்கம் சார். கிழிச்சா டிஸ்மிஸ்னு நீங்கதான ஒட்டினீங்க?"

"அப்போ பெட்டக அறைக்குள்ள வச்சிடலாம்."

"உள்ளே எது போனாலும் ரிஜிஸ்டர்ல எழுதணும் சார். இதையே உள்ளே வச்சா எதுல எழுதறது?" மைக்கேல்ராஜ் அட்டையில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். "அப்புறம் அதுக்குள்ள இன்னா இருக்குன்னும் எழுதணுமே சார்."

சுஹாஸ் கண்ணை மூடினார். அப்பாவும் தாத்தாவும் கைகொடுக்கவில்லை.

"மறுபடி ஒருக்கா புதுசா வார்த்தை போட்டுக்கலாமே சார்? லூடோ பொட்டி என்கிட்டதான் கீது."

"ஏன்னு கேப்பாங்களே. பிளாட்டினம் போயிடும். வெப்சைட்ல போட்டாச்சு, பஸ் ஸ்டாப்புல விளம்பரம் வந்தாச்சு. விபத்து ஃபாரத்துலயும் இதைப் போட முடியாது. காரணம்ங்கற இடத்துல குவாண்டம் மட்டும்தான் இருக்கு."

"அப்போ என் பொண்ணு ஃபீஸு?"

"ஒண்ணும் ஆகாது மைக்கேல்ராஜ். நீங்க நல்லவர். அதுதான் இப்போ நம்ம பாதுகாப்பு ஏற்பாடு." சுஹாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஜூன் வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. வேற யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்தாங்களா?"

மைக்கேல்ராஜ் யோசித்தார். "பிரியாணிக்காரர் சார். ஸ்பெல்லிங் சொன்னாரே."

"அவர் போகட்டும். அவருக்கு அது என்னன்னு தெரியாது. வேற?"

மைக்கேல்ராஜ் பட்டையை ஒதுக்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். ஏஜென்சியின் குரூப்பைத் திறந்து, அந்தப் புதன்கிழமை வரைக்கும் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். மாலை ஏழு நான்குக்குப் போட்ட படம் இருந்தது. நல்ல வெளிச்சத்தில் எடுத்தது. அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை எண்கள்.

குரூப்பில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். பதினோரு பேர் படத்துக்குக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். நான்காவது கட்டைவிரல் சுஹாஸுடையது.